பழைய பேரை வாங்கினால் கூடவே என்னென்ன வரும்?

வண்டிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

டிவிஎஸ் கையில் இருக்கும் பிரிட்டிஷ் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனம் 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மேங்க்ஸ், அட்லஸ் என்று புது வண்டிகளைக் காட்டியதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் அந்த வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம்தான். எவ்வளவுக்கு வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள், அதில் நமக்கு என்ன என்று கேட்டவர்களே அதிகம். ஆகவே இந்த இதழில் மைலேஜ், செயின் சத்தம், கிளட்ச் கேபிள் எல்லாம் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும்.

திவாலான கம்பெனிக்கு 150 கோடிக்கு மேல் கொடுத்தார்களே, அது வெறும் பேருக்குக் கொடுத்த காசுதானே?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பெரும்பங்கு பேருக்குத்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் எதை வாங்கினார்கள் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2020 ஜனவரி கடைசியில் நார்ட்டன் கடனில் மூழ்கி, சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்கும் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஏப்ரல் 17-ம் தேதி, நாம் எல்லோரும் ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது, டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டு (அன்றைய கணக்கில் சுமார் 153 கோடி ரூபாய்) ரொக்கமாகக் கொடுத்து முடித்தது. இதில் கவனிக்க வேண்டியது, பழைய கம்பெனியை அப்படியே வாங்கவில்லை. அதன் சொத்துகளில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும், ஒரு புதுக் கம்பெனி வழியாக வாங்கினார்கள். பேர், முத்திரை, மாடல்களின் உரிமை எல்லாம் இந்தப் பக்கம் வந்தன. கடன், வழக்கு, முன்பணம் கட்டிவிட்டு வண்டி வராமல் காத்திருந்தவர்களின் பாக்கி எல்லாம் செத்துப்போன பழைய கம்பெனியோடு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. சட்டப்படி சரி. முன்பணம் கட்டியவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

நம் ஊரில் பழைய வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்போம் இல்லையா, அது இங்கேயும் வேண்டும். ஏனென்றால் கஷ்டத்தில் இருக்கிற கம்பெனி கையில் இருப்பதையெல்லாம் ஏற்கெனவே துண்டு துண்டாக யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கும். நார்ட்டனும் தன் 650 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சினைத் தயாரித்துக்கொள்ள 2017-லேயே சீனாவின் சோங்ஷென் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. பேரை வாங்கினால் எஞ்சின் முழுக்க உங்களுக்கே என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, வாங்கியாயிற்று. உள்ளே என்ன இருந்தது? பழைய நிர்வாகம் ஏகப்பட்ட விளம்பரத்தோடு விற்ற வி4 எஸ்எஸ் என்ற விலை உயர்ந்த வண்டியைப் புது ஆட்கள் பிரித்துச் சோதித்தபோது 30-க்கும் மேற்பட்ட குறைகள் தெரிந்தன. அவற்றில் பல உயிருக்கே ஆபத்தானவை. வண்டியை வெளியே எடுக்காதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. பேருக்கு விலை கொடுத்தவர்கள், அந்தப் பேரில் வேறொருவர் செய்துவைத்த வேலையையும் சேர்த்துச் சுமந்தார்கள். 2021 கடைசியில் பர்மிங்ஹாம் பக்கத்தில் சோலிஹல்லில் புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். 2022-ல் மேலும் 10 கோடி பவுண்டு போடப்போவதாக அறிவித்தார்கள். வாங்கிய விலையைப் போல ஆறு மடங்குக்கும் மேல்! 153 கோடி என்பது வாசல் கதவைத் திறக்கக் கொடுத்த காசு. செய்தித்தாள்கள் அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டன, இரண்டாவது தொகையை உள்பக்கத்தில் தள்ளிவிட்டன. உண்மையான விலை அந்த இரண்டாவதுதான்.

டிவிஎஸ் 50-ல் கீரைக்கட்டும் தண்ணீர்க் குடமும் வைத்து வருகிறவர்களைத்தான் எங்கள் தெருவில் தினம் பார்க்கிறேன். அதே கம்பெனி 200 குதிரைத்திறன் வண்டி விற்பதா? கொஞ்சம் ஓவராக இல்லையா?
- ஒரு வாசகி, சூளைமேடு

கேலி புரிகிறது மேடம். ஆனால் அந்தக் கீரைக்கட்டு வண்டியைக் குறைத்துப் பேசாதீர்கள். 1980-ல் ஓசூரிலிருந்து அது வந்தபோது இரண்டு பேர் உட்கார்ந்து போகும் மொபெட் என்பதே இங்கே புதுசு. இன்றைக்கும் அதன் வாரிசு எக்ஸ்எல் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ சிறு வியாபாரிகள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நார்ட்டன் வரலாறு முழுவதும் விற்ற வண்டிகளை விட இவர்கள் மொபெட் அதிகம் விற்றிருப்பார்கள்.

அப்புறம் இவர்களுக்கு எதற்கு நார்ட்டன்? என் ஊகம் 2001-ல் இருக்கிறது. 1984-லிருந்து டிவிஎஸ், ஜப்பானின் சுஸுகியோடு சேர்ந்து வண்டி செய்தது. டேங்கில் சுஸுகி பேர், அடியில் சுஸுகி எஞ்சின். 2001-ல் இரண்டு பேரும் பிரிந்தபோது அந்தப் பேர் திரும்ப ஜப்பானுக்கே போய்விட்டது. அதே வருஷம் சொந்தமாக விக்டர் என்ற வண்டியைச் செய்து டிவிஎஸ் தலை நிமிர்ந்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் கூட்டாளியின் பேர் என்றைக்கும் கூட்டாளிக்குத்தான் சொந்தம் என்ற பாடம் மறந்திருக்காது. 2013-லிருந்து பிஎம்டபிள்யூவோடு ஒப்பந்தம் இருக்கிறது. ஓசூரில் செய்த 310 சிசி பிஎம்டபிள்யூ வெளிநாடுகளுக்கெல்லாம் போனது, அதே எஞ்சினில் அப்பாச்சி ஆர்ஆர் 310-ம் வந்தது. நல்ல வண்டிகள். இருந்தாலும் அந்த நீல வெள்ளை வட்டம் மியூனிக்குக்குச் சொந்தம்.

மற்ற கம்பெனிகள் என்ன செய்கின்றன பாருங்கள். பஜாஜ் 2007-லேயே கேடிஎம்-மில் பங்கு வாங்க ஆரம்பித்து, அந்த ஆஸ்திரிய கம்பெனி 2024 கடைசியில் கடனில் தடுமாறியபோது காசைக் கொட்டி முழுப்பிடியும் எடுத்துக்கொண்டது. டிரையம்ஃபோடு கூட்டு வைத்து 400 சிசி வண்டிகள் செய்கிறது. ஹீரோ, ஹார்லியோடு கைகோத்து எக்ஸ்440 கொண்டுவந்தது. இதில் டிரையம்ஃபும் ஹார்லியும் இரவல் பேர். நார்ட்டன் டிவிஎஸ்ஸின் சொந்தப் பேர்.

எக்ஸ்எல் மொபெட்டில் நார்ட்டன் ஸ்டிக்கர் ஒட்டுவார்களோ என்ற பயம் வேண்டாம். இதுவரை இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது.

சே குவேரா ஊர் சுற்றிய பைக் நார்ட்டன்தானே?
- ஒரு கல்லூரி மாணவர், திருவல்லிக்கேணி

ஆமாம் தம்பி. 1952-ல் அவரும் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பியது ஒரு பழைய 500 சிசி நார்ட்டனில்தான். வழி நெடுக விழுந்து எழுந்து, சிலியில் அது உயிரை விட்டது. மிச்சப் பயணம் லாரியிலும் கப்பலிலும். நார்ட்டன் விளம்பரத்துக்கு அவ்வளவு உகந்த கதை இல்லை! பெருமை பேச வேண்டும் என்றால் 1907-ஐப் பேசலாம். ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதல் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவில் ஜெயித்தது நார்ட்டன், அதுவும் பிரான்சின் பெஜோ எஞ்சினை மாட்டிக்கொண்டு. அடுத்தவன் எஞ்சினை வாங்கிப் போடுவது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

எங்கள் ஊர் என்ஃபீல்டும் இப்படி வெள்ளைக்காரனிடம் விலைக்கு வாங்கியதுதானே? அப்பா காலத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அந்தக் கம்பெனியில்தான் சம்பளம்.
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

இல்லை சார், அது வேறு கதை. என்னைக் கேட்டால் நார்ட்டன் கதையை விட அதுதான் ருசி.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி 350 சிசி புல்லட். தொடர்ந்து ஆர்டர் வரும் என்று தெரிந்ததும், 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள். முதலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டுகிற வேலைதான். 1957-ல் பாகங்கள் செய்வதற்கான டூலிங்கும் (அச்சுகள், கருவிகள்) இங்கே வந்துசேர்ந்தது. கொஞ்ச வருஷத்தில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே. அங்கே ரெட்டிச்சில் என்ன ஆனது? விற்பனை படுத்து, 1967-ல் அந்தத் தொழிற்சாலையை மூடி, 1970-ல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கதையே முடிந்தது. இங்கே யாரும் எதையும் ஏலத்தில் எடுக்கவில்லை. தாய்க் கம்பெனி போன பிறகும் திருவொற்றியூர் ஷிஃப்ட் ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். 1977-ல் நம் ஆட்கள் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார்கள். ஐம்பதுகளில் வாங்கிய வரைபடத்தில் பெரிதாக எதுவும் மாறாத வண்டியை, அது பிறந்த நாட்டிலேயே காசு கொடுத்து வாங்கினார்கள்!

இதை நான் முழுப் பெருமையாகச் சொல்லவில்லை. மாற்றாமல் விட்டதில் பாதி, மாற்றக் காசும் போட்டியும் இல்லாததால். பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: எண்ணெய் ஒழுகல், ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஸரை அழுத்தி கிக்கரை மிதிக்கிற வித்தை, சரியாக மிதிக்கவில்லை என்றால் முழங்காலுக்கு வருகிற திருப்பு அடி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். காதலித்தவர்கள் இதையெல்லாம் குணம் என்றார்கள். மெக்கானிக்குகள் வேறு வார்த்தை சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது.

விலைக்கு வாங்கிய கட்டம் அதற்கப்புறம் வருகிறது. டிராக்டர், லாரிக்குப் பேர்போன ஐஷர் 1990-ல் உள்ளே நுழைந்து 1994-ல் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதாவது இந்தியக் கம்பெனியை இந்தியக் கம்பெனி வாங்கியது. 2000 வாக்கில், இது தேறாது, மூடிவிடலாம் என்ற பேச்சே வந்தது. இருபத்தாறு வயது சித்தார்த்த லால் பொறுப்பெடுத்து நடத்தினார். கடைசியில் அந்தப் பழைய இரும்பு எஞ்சினைத் தூக்கிவிட்டு, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வரும் புது எஞ்சின் கொண்டுவந்தார்கள், கியர் இடது காலுக்கு வந்தது, 2009-ல் கிளாசிக் வந்தது. ‘சத்தம் போச்சு, மானம் போச்சு’ என்று பழைய ஆட்கள் அழுதார்கள். அந்த மாற்றத்தை மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்குப் புல்லட்டை அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருப்போம் என்பது என் கட்சி. அதற்கப்புறம் 2013-ல் ஒரகடம், 2017-ல் வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் வளர்ந்தன. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற சேஸிஸ் (வண்டியின் சட்டகம்) வல்லுநர்களை 2015-ல் வாங்கினார்கள். 2018-ல் 650 சிசி இன்டர்செப்டர் வந்தது. ரெட்டிச் கம்பெனி 1970-ல் புதைத்த பேர் அது. 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. உங்கள் தெருக்காரர்கள் ஷிஃப்ட்டை நிறுத்தியிருந்தால் ஐஷருக்கு வாங்குவதற்கு எதுவுமே இருந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி செத்த பேரை வாங்கி உண்மையிலேயே ஜெயித்தவர்கள் யாராவது உண்டா? இல்லை, எல்லாம் பணக்காரர் விளையாட்டுதானா?
- ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

டிரையம்ஃப். 1983-ல் அந்தக் கம்பெனி திவாலானபோது பேரை வாங்கியவர் ஜான் புளூர். மோட்டார் சைக்கிள்காரர் இல்லை, வீடு கட்டி விற்பவர். ஜப்பான் தொழிற்சாலைகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவந்து, ஹிங்க்லி ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டி, 1990-ல் புது வண்டிகளைக் காட்டினார். நடுவில் சில வருஷம் பழைய பான்வில் வண்டியை வேறொருவருக்கு லைசென்ஸ் கொடுத்துச் செய்ய விட்டார், பேர் மறந்துபோகாமல் இருக்க. நான் முக்கியமாக நினைப்பது என்னவென்றால், ஹிங்க்லியில் முதலில் செய்தவை அந்தக் கால நவீன வண்டிகள், மூன்று நாலு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின். பழைய பான்வில் ஜாடையில் ஒரு வண்டியை அவர் கொண்டுவந்தது 2001-ல்தான். டிரையம்ஃப் வண்டி நடுரோட்டில் நிற்காது என்று பத்து வருஷம் நிரூபித்துவிட்டு, அப்புறம்தான் பான்வில் ஏக்கத்தை விற்றார்.

தலைகீழ் உதாரணம் அமெரிக்காவின் ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிள் கம்பெனி. 1953-ல் அசல் கம்பெனி நின்றது. அதற்கப்புறம் பல பேர் அந்தப் பேரை யார் யாரோ செய்த வண்டிகளில் ஒட்டினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், 1999-ல் ஆரம்பித்த ஒரு கம்பெனி 2003-ல் மூடியது. 2011-ல் பொலாரிஸ் வாங்கி, சொந்தமாக எஞ்சின் செய்த பிறகுதான் வண்டி என்று சொல்லும்படி ஒன்று வந்தது. பேர் அதே பேர்தான், செலவு செய்தவர் யார் என்பதுதான் வித்தியாசம்.

மைசூர் ஜாவா, யெஸ்டி, இப்போது பிஎஸ்ஏ. மூன்று பேரையும் ஒரே கம்பெனி வைத்திருக்கிறதே, இதெல்லாம் பழைய ஜாவாதானா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பழைய ஜாவா இல்லை. மஹிந்திரா பின்னால் நிற்க, கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற கம்பெனி 2016-ல் சேர்த்த பேர்கள் இவை. மூன்றும் மூன்று வழியில் வந்தன. பிஎஸ்ஏ, பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்யத் தொடங்கி, ஐம்பதுகளில் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியாக இருந்தது. அதன் பேரை 34 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். ஜாவா செக் நாட்டுப் பேர். அந்த நாட்டில் அசல் ஜாவா கம்பெனி இன்னும் இருக்கிறது, இவர்களிடம் இருப்பது லைசென்ஸ். யெஸ்டியோ மைசூரில் 1960-ல் ஐடியல் ஜாவா தொடங்கிய இரானி குடும்பத்தோடு வந்த பேர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொமன் இரானி இந்தக் கம்பெனியில் பங்குதாரர்.

2018 நவம்பரில் வந்த ஜாவாவில் இரட்டை சைலன்சர், டேங்க் வளைவு எல்லாம் அச்சு அசல். உள்ளே மஹிந்திரா மோஜோ வழியில் வந்த 293 சிசி, நாலு ஸ்ட்ரோக், தண்ணீர் குளிரூட்டும் எஞ்சின். பழைய இரண்டு ஸ்ட்ரோக் ‘டப்டப்’ சத்தமும் நீலப் புகையும் மாசு விதிகளுக்குள் வராது, அதனால் குறை சொல்ல முடியாது. கிக்கரை முன்னால் தள்ளினால் அதுவே கியர் லிவர் ஆகும் அந்த அழகான ஏற்பாட்டையும் எதிர்பார்க்காதீர்கள். என் புகார் வேறு. பேர் மேல் இருந்த ஆசையில் ஜனங்கள் வரிசை கட்டி புக் பண்ணினார்கள், வண்டி மாதக்கணக்கில் வரவில்லை. பழைய பேர் வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் இடறுகிறார்கள். பேர் முதல் நாளே கூட்டம் சேர்த்துவிடும், தொழிற்சாலை தயாராக இருக்காது. பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாரில் கொஞ்சம் நிதானம் தெரிந்தது. 2021 கடைசியில் இங்கிலாந்தில் காட்டி, அங்கே ஓடவிட்டுப் பார்த்து, 2024 ஆகஸ்டில்தான் இங்கே கொண்டுவந்தார்கள்.

நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். கம்பெனி கைமாறினால் முதலாளி பற்றி எழுதுகிறீர்கள், தொழிலாளிக்கு என்ன ஆகும்?
- ஒரு வாசகர், அம்பத்தூர்

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். நார்ட்டன் கதையில் மோசமான பகுதி இதுதான், ஆனால் அதில் மாட்டியவர்கள் நார்ட்டன் தொழிலாளிகள்கூட இல்லை. 2008-ல் நார்ட்டன் பேரை வாங்கிய ஸ்டூவர்ட் கார்னர், மூன்று ஓய்வூதியத் திட்டங்களுக்கு அறங்காவலராகவும் இருந்தார். 2012-13 காலத்தில் 200-க்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்கள் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பை அந்தத் திட்டங்களுக்கு மாற்றினார்கள். அந்தப் பணம் கார்னரின் நார்ட்டன் கம்பெனிப் பங்குகளிலேயே போய் விழுந்தது. சொந்தக் கம்பெனியில் இவ்வளவுதான் போடலாம் என்று அங்கே 5 சதவீத வரம்பு இருக்கிறது. அதை மீறியதாக அவரே 2022-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். கிடைத்தது 8 மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைத்த தண்டனை. நூறு வருஷப் பேர், யூனியன் ஜாக் கொடி, பின்னால் ஒரு பிரபுவின் மாளிகை, இதையெல்லாம் பார்த்துத்தான் ஜனங்கள் நம்பினார்கள். பழைய பேரை வைத்து வண்டி மட்டும் விற்பதில்லை, நம்பிக்கையையும் விற்கலாம்.

நம் ஊரில் பிஎஃப், கிராஜுவிட்டி, பென்ஷன் நிதியில் தொழிலாளிக்குச் சேர வேண்டியதை, திவாலாகி சொத்துகளை விற்கும்போது கடன்காரர்கள் பங்கு போட முடியாது என்று 2016 திவால் சட்டம் சொல்கிறது. ஆனால் பணம் கட்டியிருந்தால்தான் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு அர்த்தம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமலே வைத்திருக்கிறவர்கள் உண்டு. யுஏஎன் எண் (உங்கள் பிஎஃப் அடையாள எண்) வைத்து பாஸ்புக்கில் மாதம் ஒருமுறை பாருங்கள், கம்பெனி கைமாறும் என்று பேச்சு வந்தால் வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதம் வரவு இல்லை என்றால் பிஎஃப் ஆபீஸுக்குப் போக வெட்கப்படாதீர்கள். புது முதலாளி கம்பெனியை வாங்குகிறாரா, சொத்துகளை மட்டுமா என்றும் கேட்டு வையுங்கள். முதல் பதிலில் சொன்ன வித்தியாசம் உங்களுக்கும் பொருந்தும்.

பெட்ரோலே போகப்போகிறது, எதற்கு இந்தக் கிழட்டுப் பேரெல்லாம்?
- ஒரு வாசகர், ஓஎம்ஆர்

எலெக்ட்ரிக் வண்டிக்கும் ஒரு பேர் வேண்டுமே. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைக்காக ராயல் என்ஃபீல்டு செய்த 125 சிசி குட்டி வண்டியின் செல்லப்பேர் ஃப்ளையிங் ஃப்ளீ. அந்தப் பேரைத்தான் 2024-ல் தங்கள் எலெக்ட்ரிக் வண்டிக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்பா 1968-ல் வாங்கிய ஜாவா வீட்டில் இருக்கிறது. எம்.எஸ். என்று தொடங்கும் நம்பர். அப்பா இறந்து மூன்று வருஷம். ஒருவர் நல்ல விலை தருகிறேன், பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, ராயபுரம்

பேப்பர் அப்புறம் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள் அம்மா. வண்டி இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. அதை வைத்து நாளைக்கு எங்காவது விபத்து நடந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

முதலில் வாரிசுச் சான்றிதழ். அதோடு இறப்புச் சான்றிதழ், ஆர்.சி. புக் வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 31 கொடுத்து உங்கள் பேருக்கு மாற்றுங்கள். தாமதமானதற்கு அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கி வையுங்கள். வண்டி ஷெட்டில் தூங்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள், விலை பேசினதும் எல்லோருக்கும் அப்பா ஞாபகம் வந்துவிடும்.

ஐம்பது வருஷம் தாண்டியதால் அதை விண்டேஜ் வண்டியாகவும் பதிவு செய்யலாம், 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் உங்கள் பழைய எம்.எஸ். நம்பரையே வைத்துக்கொள்ளலாம், அதற்கே வாங்குகிறவர்கள் மத்தியில் தனி மதிப்பு. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் தினம் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பழுதுபார்க்க, பெட்ரோல் போட என்று மட்டும் வெளியே எடுக்கலாம். எஞ்சினோ சேஸிஸோ மாற்றியிருக்கக் கூடாது. அதனால் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் வேறு எஞ்சின் கிடைக்கிறது, போட்டு ஓடவிட்டால் கூட விலை வரும் என்று எந்த மெக்கானிக்காவது சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒத்துப்போனால் ஓடாத வண்டியாகவே இருந்தாலும் பரவாயில்லை. பேர் மாற்றம் முடிகிறவரை விலை எதுவும் வாயில் சொல்லாதீர்கள், முன்பணமும் வாங்காதீர்கள்.